ரேணுகா என்ற பெயரில் இரண்டு குரல்

ஜூலை 1, செவ்வாய்

வேலையில் சேர்ந்துவிட்டேன். டைரி எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் இந்த அறக்கட்டளையில் காலையில் சொன்னதை மாலையில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

திண்டுக்கல்லில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பூட்டுக் கடையின் மாடி. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை இருக்கிறது. அதன் விடுதியில் தங்கி வேலை செய்கிற பெண்களுக்கு இங்கிருந்தபடியே பிளஸ் டூ பாடம் நடத்துகிறார்கள். போனில். படம் கிடையாது, குரல் மட்டும். முப்பத்தெட்டுப் பேர் ஒரே இணைப்புக்கு வருகிறார்கள். மாலை ஐந்து முதல் ஆறு வரை வகுப்பு. விடுதியில் பட்டன் போன்தான் அனுமதி. அதையும் வார்டன் வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வகுப்புக்கான டோக்கனைப் பார்த்துக் கொடுப்பாராம்.

என் வேலை: குரலிலேயே தொடர்வதா, திரைக்கு மாறுவதா என்று சோதித்துப் பார்த்து மாதக் கடைசியில் அறிக்கை தருவது. இயக்குநர் தாமோதரன் சார் டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பரிதி, முடிவு முழுக்க உங்களுது. நான் தலையிட மாட்டேன். வீடியோன்னு வந்துட்டா நமக்குப் பணம் தர்ற பெங்களூர்க்காரங்க சந்தோஷப்படுவாங்க, அவ்வளவுதான்.”

நானும் வீடியோ கட்சிதான். ஆனால் எனக்கான முடிவை இன்னொருவர் எடுத்து வைத்திருப்பது பிடிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வகுப்பைக் கேட்டேன். உயிரியல். செலின் என்ற ஆசிரியை. முப்பத்தைந்து வயது இருக்கும். தனியார் பள்ளியில் இருந்தவராம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி பாடம் நடத்துகிறார். கரும்பலகை இல்லை, படம் இல்லை. இதயத்தின் நான்கு அறைகளைச் சொல்லிக்கொண்டே கையைக் காற்றில் ஆட்டுகிறார். யாருக்காக?

வருகைப் பதிவு இன்னும் மோசம். பெயர் சொன்னதும் “உள்ளேன்” என்றால் போதாது, மதியம் என்ன சாப்பிட்டாய் என்றும் சொல்ல வேண்டும். அதிலேயே கால் மணி நேரம் போகிறது. ரேணுகா என்று ஒருத்தி, “கத்திரிக்கா மிஸ். எனக்கு அது ஆகாது, ஒடம்பெல்லாம் தடிச்சிரும். வெறும் மோர் ஊத்தித் தின்னேன்” என்று சோகக் கதை சொன்னாள்.

முப்பத்தெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். பழைய பதிவுகளைப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான். பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் கடைசி பெஞ்சில் இருந்தவன் நான். ஒரு வகுப்புக்கு எல்லாரும் வருவது இயற்கைக்கு விரோதமானது.

ஜூலை 5, சனி

பதிவில் இயந்திர இரைச்சலும் இருமலும் அதிகம். இரண்டையும் வடிகட்டுகிற மென்பொருளைப் பொருத்தினேன். பாதி வகுப்பில் செலின் மிஸ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, என்ன செஞ்ச? யாருமே இருமல?”

“எடுத்துட்டேன். சுத்தமா கேக்குது பாருங்க.”

“திரும்பப் போடு. யாரு இருமுறா, எத்தன நாளா இருமுறான்னு எனக்குத் தெரியணும்.”

“நீங்க டாக்டரா மிஸ்?”

“நீ இன்ஜினியர்தான? போடுன்னா போடு.”

போட்டுவிட்டேன். ஒரு நல்ல ஒலி வேண்டாம் என்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றுகிறது. கூட்டத்து இரைச்சல் இருந்தால் எண்ணிக்கையில் கை வைப்பது எளிது.

ஜூலை 8, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

இன்று ரேணுகா சொன்னது: “கத்திரிக்கா புளிக்கொழம்பு மிஸ். ரெண்டாந்தடவ போய் வாங்குனேன். வார்டன் மொறச்சாங்க.”

வெள்ளிக்கிழமை உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்றவள் செவ்வாய்க்கிழமை இரண்டாம் தடவை போய் வாங்குகிறாள். செலின் மிஸ் அவசரமாக, “நல்லா சாப்புடு” என்று அடுத்த பெயருக்குத் தாவினார்.

ஜூலை 9, புதன்

இரண்டு நாள் ‘ரேணுகா’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குரல் அலைகளை ஒப்பிட்டேன். இரண்டு வேறு ஆட்கள். சந்தேகமே இல்லை. முதலாமவள் வாக்கியத்தை முடிக்காமல் இழுக்கிறாள். இரண்டாமவள் வெட்டிப் பேசுகிறாள். பழைய பதிவுகளில் தேடினால் இரண்டாமவள் ஏப்ரலிலிருந்தே இருக்கிறாள். சில வாரம் முழுக்க வருகிறாள், பிறகு காணவில்லை, மீண்டும் வருகிறாள்.

பாடத்தில் அவள் விடுகிற கேள்விகள் இருக்கின்றனவே! “மிஸ், ரத்தம் செவப்புன்னா நரம்பு ஏன் பச்சையாத் தெரியுது?” “மிஸ், தூங்கும்போது மூச்சு விடச் சொல்லிக் குடுக்குறது யாரு?” மற்றவர்கள் ‘சரி மிஸ்’ என்கிற இடத்தில் இவள் ‘ஏன்’ என்கிறாள். ஆதாரம் வேண்டுமே என்று அவள் பேசுகிற இடங்களை மட்டும் தனிக் கோப்பாக வெட்டிச் சேர்த்தேன். நாற்பது நிமிடம் வந்தது. முழுவதும் கேட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

நூற்பாலைக்குப் போனேன். மனிதவள அலுவலர் சந்தானம் என்பவர் வரவேற்றார். முறுக்கு, காபி. விடுதிக் கூடத்தைக் காட்டினார். ஒரு சுவரில் பெரிய டிவியும் கேமராவும் ஆலைச் செலவிலேயே மாட்டித் தருகிறோம் என்றார்.

“பிள்ளைங்க முன்னேறணும் தம்பி. நீங்க சொல்லுங்க, எது வேணுமோ அது.”

நான் கேட்டது இந்த மாத ஷிப்ட் பட்டியல். ஊருக்கு வந்து சேர்வதற்குள் போனில் வந்துவிட்டது. ரேணுகாவுக்கு இந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை இயந்திரத்தில் நிற்க வேண்டியவள். மாலை ஐந்து மணிக்குக் கத்திரிக்காய் பற்றிப் பேசியது யார்?

ஜூலை 12, சனி

செலின் மிஸ்ஸிடம் நேராகவே கேட்டேன்.

“ரேணுகாங்கற பேர்ல ரெண்டு பேர் பேசுறாங்க. வருகைக் கணக்கைக் காட்ட ஆள் வச்சுப் பேச வைக்கிறீங்களா?”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்தார்.

“ஆள் வச்சா? வர்றவளே என்னைத் தூங்க விடாம கேள்வி கேக்குறா. அவ பேரு முனீஸ்வரி. கமுதிப் பக்கம். ரேணுகாவோட ஒரே ரூம். ஆலையில ஒரு வருசம் முடிச்சவங்களுக்குத்தான் படிக்க அனுமதி. இவளுக்கு இன்னும் முடியல. ரேணுகாவுக்கு ரெண்டாவது ஷிப்ட் வர்ற வாரத்துல அவ டோக்கனக் காட்டிப் போனை வாங்கிட்டு இவ உக்காருவா. கேட்டதை அவளுக்கு ராத்திரி சொல்லிக் குடுப்பா. ரெண்டு பேரும் ஒரு பேர்ல படிக்கிறாங்க. உனக்கு இதுல என்ன நட்டம்?”

“விதிமீறல்.”

“தெரிஞ்சா ரெண்டு பேரையும் வகுப்புலருந்து தூக்கிருவாங்க. முனீஸ்வரியை ஊருக்கே அனுப்பிருவாங்க. அப்பறம் அவ படிப்பு அவ்வளவுதான். அதையும் உன் அறிக்கைல எழுதிக்க.”

நல்ல கதை. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு கிடைக்கும். ஒருவர் மாட்டிக்கொண்டதும் ஓர் ஏழைப் பெண்ணை இழுத்து முன்னால் நிறுத்துவதைக் கல்லூரி அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி இப்படி என்றால் மீதி முப்பத்தேழில் எத்தனை பேர் உண்மை? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூலை 16, புதன்

தாமோதரன் சாரிடம் இரண்டு குரல் விஷயத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. உறுதியாகாத தகவல் என்பதால் இருக்கலாம்.

“அதுக்குத்தான் வீடியோ வேணுங்கறது” என்றார். சோதனை இருபத்திரண்டாம் தேதி தொடங்குகிறது.

ஜூலை 19, சனி

விடுதிக் கூடத்தில் எல்லாம் பொருத்தியாயிற்று. கேமரா என் தேர்வு. யார் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பி முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதோடு ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். திரையில் தெரியும் முகத்தைச் சேர்க்கைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டு முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் போடும். பொருந்தினால் பச்சைக் கட்டம், பொருந்தாவிட்டால் சிவப்பு. கால் மணி நேரக் கத்திரிக்காய்க் கச்சேரி இனி தேவையில்லை.

சந்தானம் சார், “நாங்களும் சும்மா ஒரு ஓரமாப் பார்க்கலாமா?” என்றார். ஒளிவுமறைவு இல்லாத அமைப்பு வேண்டும் என்று சொன்னவன் நான்தானே. பார்வையாளர் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன்.

செலின் மிஸ்ஸிடம் நிரலை ஓட்டிக் காட்டினேன். கட்டங்களைப் பார்த்தார். “ஆட்டுக்கு முத்திர குத்துற மாதிரி இருக்கு” என்றார். பிற்போக்கு.

ஜூலை 22, செவ்வாய்

முதல் காட்சி வகுப்பு. படம் துல்லியம். இதயம் முப்பரிமாணத்தில் சுழன்றது. எல்லாரும் தலை வாரி, பூ வைத்து, பள்ளி ஆண்டு விழா போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வார்டன் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்.

முப்பத்தொரு முகம். முப்பத்தொன்றும் பச்சை. ரேணுகாவை முதல் தடவையாகப் பார்த்தேன். இந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட். அசல் ஆள். மீதி ஏழு பேர் யாரென்று பட்டியலைப் பார்த்தேன். எல்லாரும் இரண்டாவது ஷிப்ட். குரல் வகுப்பில் அந்த ஷிப்ட்காரர்களும் ஒரு நாள் தவறியதில்லை.

கேள்வி எதுவும் வரவில்லை.

ஜூலை 23, புதன்

கேள்வி வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

“புரியுதா?” என்று செலின் மிஸ் கேட்டால் “புரியுது மிஸ்” என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். பேசுகிற ஆளைத் தேடிக் கேமரா இங்கும் அங்கும் திரும்பி ஒன்றும் கிடைக்காமல் நடுவில் நிற்கிறது. இருமல் கூடக் குறைந்துவிட்டது. வாயைத் துப்பட்டாவால் அழுத்திக்கொள்வது படத்தில் தெரிகிறது. புதுமைக் கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுதிக்கொண்டேன்.

மதியம் அந்த நாற்பது நிமிடக் கோப்பைத் திரும்பக் கேட்டேன். ஒப்பீட்டுக்கு.

ஜூலை 26, சனி

ஷிப்ட் மாறுகிறது. நாளையிலிருந்து ரேணுகாவுக்கு மீண்டும் இரண்டாவது ஷிப்ட். செலின் மிஸ் யாரிடமோ போனில், “அடுத்த வாரம் அவளை வர வேணாம்னு சொல்லு. கண்டிப்பாச் சொல்லு” என்றார். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அப்படியானால் ஒரு முனீஸ்வரி உண்மையிலேயே இருக்கிறாள்.

நிரலை நிறுத்துவதா என்று யோசித்தேன். சோதனை நடுவில் நிறுத்தினால் முடிவு செல்லாது.

ஜூலை 29, செவ்வாய்

இதைச் சுருக்கமாக எழுத முடியாது.

பாடம் நுரையீரல். அழகான படம் தயாரித்திருந்தேன். காற்று போகும் வழி நீலத்தில் ஓடும். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, முக்காடு போட்டபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் பாதிதான் தெரிந்ததால் நிரல் அவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். முனீஸ்வரிதான் என்று தோன்றியது. பேசாமல் இருந்தால் போதும், வகுப்பு முடிந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தது எனக்கே ஆச்சரியம்.

செலின் மிஸ் நுண்ணறைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு வழக்கம் போலக் கேட்டார்: “யாருக்காவது சந்தேகம்?”

வார்டன் நாற்காலி கிறீச்சிட்டது.

“மிஸ், பஞ்சு உள்ள போச்சுன்னா திரும்பி வெளிய வருமா? இல்ல, அங்கனயே தங்கிருமா?”

வெட்டிப் பேசும் குரல். ஒரு வாரமாக யாரும் பேசவில்லை என்று காத்திருந்த கேமரா சரக்கென்று திரும்பியது. பெரிதாக்கியது. மேலும் பெரிதாக்கியது. திரை முழுவதும் ஒரு முகம், மேல் உதட்டில் வியர்வை, இமையில் ஒட்டியிருந்த பஞ்சு உட்படத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். கீழே நான் எழுதிய வரி: ‘பொருந்தவில்லை’.

விடுதி டிவியிலும் அதுதான் தெரியும். அவள் தன்னையே பார்த்தாள். முக்காட்டை இழுத்தாள். கேமரா விடவில்லை. அவள் எழுந்து கதவுப் பக்கம் நடந்தபோதும் கூடவே திரும்பியது.

செலின் மிஸ் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். பதில் பாதியில் நின்றது. நான் என் கணினியின் மின்னிணைப்பைப் பிடுங்கினேன். அதற்குள் பார்வையாளர் பட்டியலைப் பார்த்துவிட்டேன். ஆலையிலிருந்து ஒருவர் இணைப்பில் இருந்தார்.

ஜூலை 30, புதன்

சந்தானம் சார் காலையிலேயே அழைத்தார்.

“பிரமாதமான சிஸ்டம் தம்பி! வார்டன் கண்ணுக்கே தெரியாததெல்லாம் காட்டிக்குடுக்குது. இதையே எங்க கேட்டுல மாட்ட முடியுமா?”

“அந்தப் பொண்ண என்ன செஞ்சீங்க?”

“எந்தப் பொண்ணு?” என்றார். பிறகு, “ஓ, அதுவா. வீட்டுக்கு அனுப்பியாச்சு. ரேணுகாவுக்கு வகுப்பு கட். அனுமதி இல்லாத புள்ள, பஞ்சு கிஞ்சுன்னு தேவையில்லாத கேள்வி வேற. நமக்கெதுக்கு வம்பு?”

அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். கேள்வி இன்னொன்று. எது முதல் காரணம்?

இணைப்புப் பதிவேட்டை ஆராய்ந்தேன். பார்வையாளர் கணக்கு ‘சும்மா ஒரு ஓரமாக’ இருக்கவில்லை. எல்லா வகுப்பிலும் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை இருந்திருக்கிறது. எல்லாப் பதிவுகளையும் இறக்கி வைத்திருக்கிறது. கேமரா போனையே உள்ளே விடாத ஆலை எங்களுக்காகக் கேமரா வாங்கித் தந்தபோது, முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது செலின் மிஸ்ஸை.

கணக்கை மூடினேன். செலின் மிஸ் இன்று என்னோடு பேசவில்லை. திட்டினால் பரவாயில்லை.

ஜூலை 31, வியாழன்

அறிக்கை எழுதினேன். குரல் வகுப்பு: ஒரு வாரத்தில் மாணவிகள் கேட்ட கேள்விகள் ஐம்பதுக்கு மேல். காட்சி வகுப்பு: ஒன்று. பரிந்துரை: குரல் மட்டும். கேமராவைக் கழற்றவும்.

தாமோதரன் சாரிடம் காட்டாமல் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு அவருக்கு நகல் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வந்தார்.

“என்ன பரிதி இது? போன வாரம் வரைக்கும் வீடியோ வீடியோன்னீங்க!”

“சோதிச்சுப் பார்க்கச் சொன்னீங்க. பார்த்தேன்.”

“ஒரு பொண்ணுக்காகவா?”

“அந்த ஒரு கேள்விக்கு என்ன ஆச்சுன்னு இங்க யாராவது கேட்டீங்களா சார்?”

“ஆலைக்காரங்க கோவிச்சுக்கிட்டா மொத்த வகுப்பும் போயிரும். அந்தப் பழி யாரு மேல?”

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த மாதத்தோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பெங்களூரிலிருந்து ஒரு வரி: தரவின்படி செய்யுங்கள். மீண்டும் குரல் வகுப்பு. முப்பத்தேழு பேர். இரைச்சல், இருமல் எல்லாம் திரும்பிவிட்டன. முதல் பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. செலின் மிஸ் ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று தடவை, “படம் இல்லடி, சத்தியமா இல்ல” என்றார்.

மாலை அவர் மேசைக்குப் போனேன். இணைப்பு இதுவரை விடுதி எண்களை மட்டும்தான் ஏற்றுவந்தது. அதை மாற்றிவிட்டேன் என்றேன். எந்த ஊரிலிருந்தும், எந்தப் பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம். தெரியாத எண் முதலில் என் மேசைக்கு வரும், நான் உள்ளே சேர்த்துவிடுவேன்.

அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். நான் அவரைச் சந்தேகித்தபோது பார்த்த அதே பார்வையாக இருக்க வேண்டும்.

“இதுல வேற என்ன வச்சிருக்க?”

“ஒண்ணும் வைக்கல.”

“கமுதில பக்கத்து வீட்டுப் போன்தான் அவளுக்கு. ரேணுகா வெளிய வந்து பேசும்போது சொல்லச் சொல்றேன். கூப்புடுவாளான்னு தெரியாது.”

ஆகஸ்ட் 6, புதன்

அழைப்பு இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரு புது எண். எடுத்தேன். வங்கிக் கடன் வேண்டுமா என்றார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வகுப்பு தொடங்கிச் சற்று நேரம் கழித்துப் புது எண் ஒன்று வந்தது. எடுத்தேன். ஆடு கத்துவது கேட்டது.

“யாரு?” என்றேன்.

“நீங்க யாரு?”

அந்தக் குரல்.

“லைன் பார்க்குறவன்.”

“செலின் மிஸ் இல்லையா?”

“பாடம் நடத்திட்டிருக்காங்க. பேரச் சொல்லுங்க, உள்ள சேர்த்துவிடுறேன்.”

“இதுல கேமரா இருக்கா?”

“இல்ல.”

“எப்பிடி நம்புறது?”

பட்டன் போனில் எப்படிக் கேமரா வேலை செய்யும் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் இடையிலேயே வெட்டினாள்.

“டிவியில என்னப் பெருசாக் காட்டுனது நீங்கதானா?”

கேமராதான் தானாகத் திரும்பியது என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

“ஆமா” என்றேன்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆடு மட்டும் இரண்டு தடவை கத்தியது.

“முனீஸ்வரின்னு போடுங்க. வேற பேரு போட்டுறாதீங்க.”

“போட்டுட்டேன்.”

“நான் உள்ள போன பெறகு நீங்க கேட்டுக்கிட்டிருப்பீங்களா?”

“லைன் சரியா இருக்கான்னு பார்க்கணும்...”

“நீங்க கேட்டா நான் பேச மாட்டேன்.”

பொத்தானை அழுத்தி அவளை உள்ளே சேர்த்தேன். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எரிந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு மணிக்குச் செலின் மிஸ் வெளியே வந்தார். “ஒரே கேள்வியா கேட்டுத் தள்ளிட்டா” என்றார்.

என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.